குலுக்கினால் ஒலிக்கும் காய், மஞ்சள் பூ: இது என்ன செடி?

குலுக்கினால் ஒலிக்கும் காயும் மஞ்சள் பூவும் உள்ள செடி ஆவாரையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது ஆவாரை இல்லை, கிலுகிலுப்பைதான். ஆவாரம்பூவில் ஐந்து இதழ்களும் விரிந்து கிடக்கும். இலையும் சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை. உங்கள் செடியிலோ தனி இலை, அவரைப்பூ வடிவில் மஞ்சள் பூ, முற்றியபின் கறுத்து ஒலிக்கும் ஊதிய காய். விதைகள் உள்ளே கழன்று உருள்வதால்தான் அந்தச் சத்தம்.

ஒரே சந்தேகம் சணப்பை. அதுவும் இதே பேரினம், பூவும் மஞ்சள்தான். இலை நுனியைப் பாருங்கள்: அகன்று, நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் குரோட்டலேரியா ரெட்டூசா என்ற நம் நாட்டுக் கிலுகிலுப்பை. அதன் காய் வழவழப்பாக இருக்கும். இலை குறுகிக் கூராகவும் காய் வெல்வெட் போலவும் இருந்தால் சணப்பை. பசுந்தாள் உரத்துக்கு வயலில் விதைப்பார்களே, அது. மேல் இதழில் செம்பழுப்புக் கோடுகள் இருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம், இரண்டிலும் வரும்.

ஆடுமாடு மேயவிடாதீர்கள். கிலுகிலுப்பையிலுள்ள மோனோகுரோட்டலின் என்ற நச்சு கல்லீரலைக் கெடுக்கும். அதே நச்சு வகைக்காகத்தான் வெந்தய வரியன், நீல வரியன் ஆண் வண்ணத்துப்பூச்சிகள் வாடிய இலைகளைத் தேடி வருகின்றன. அதிலிருந்துதான் பெண்ணை ஈர்க்கும் மணத்தைத் தயாரிக்கின்றன. இடமிருந்தால் பிடுங்காமல் விடுங்கள்.