சினிமா துப்பாக்கியும் நிஜத் துப்பாக்கியும்: நம் கரைப் பிள்ளைகளின் கேள்விகள்

ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்று, இப்போது மண்டபத்தில் இருக்கிறேன். சண்டைப் படங்கள் பார்த்துவிட்டு நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, சைலன்சர் போட்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காதா? (பாம்பன்)

நன்றாகவே கேட்கும் தம்பி. துப்பாக்கிச் சத்தம் சுமார் 160 டெசிபல். சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும், அவ்வளவுதான். வெடிமருந்தின் வாயு குழாயிலிருந்து ஒரேயடியாகப் பாய்வதை அது மெதுவாக்குகிறது. ஆனால் தோட்டா நொடிக்கு 340 மீட்டருக்கு மேல், அதாவது ஒலியை மிஞ்சிப் போனால், காற்றைக் கிழிக்கும் சத்தம் தனியாக வரும். அதை எந்தச் சைலன்சரும் அடக்காது.

ஓடுகிற படகில் நின்றுகொண்டு அடுத்த படகில் இருப்பவனை ஒரே தோட்டாவில் சாய்க்கிறாரே ஹீரோ? (தங்கச்சிமடம்)

கடலுக்குப் போகிற உங்களுக்கே இதற்குப் பதில் தெரியும். 300 மீட்டர் தூரத்துக் குறிக்கு, துப்பாக்கி முனை ஒரு டிகிரி விலகினால் தோட்டா 5 மீட்டர் தள்ளிப் போகும். வாடைக்காற்றில் வல்லம் ஒரு டிகிரியோடா நிற்கிறது? இன்னொன்றும் இருக்கிறது. ஏ.கே. ரகத் தோட்டா அந்தத் தூரம் போக ஏறக்குறைய அரை நொடி எடுக்கும். எதிர்ப் படகு 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) வேகத்தில் குறுக்கே போனால், அதற்குள் இரண்டரை மீட்டர் நகர்ந்திருக்கும். போர்க்கப்பல் பீரங்கிகளில் ஆட்டத்தைச் சமன்செய்யும் கருவி வைப்பதே இதனால்தான். கையில் பிடித்த பிஸ்டலால் முடியவே முடியாது.

டீசல் கேனைச் சுட்டால் படகு வெடிக்குமா?

வெடிக்காது. சாதாரணத் தோட்டா கேனில் ஓட்டை போடும், டீசல் ஒழுகும். டீசல் 50 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி வரும். படத்தில் தெரியும் நெருப்பு, முன்கூட்டியே வெடி வைத்து எடுப்பது.

தண்ணீருக்குள் முங்கியவனைத் தோட்டா துரத்திக்கொண்டே போகுமா? (தேவிபட்டினம்)

போகாது. ரைபிள் தோட்டா தண்ணீரில் மோதியதும் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் சிதறிவிடும் அல்லது வேகம் இழந்துவிடும். மெதுவான பிஸ்டல் தோட்டாதான் அதைவிட ஆழம் போகும்.

மேகசினே மாற்றாமல் பத்து நிமிஷம் சுடுகிறார்களே?

ஏ.கே. மேகசினில் 30 தோட்டா. நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் விசையை அழுத்திப் பிடித்தால் மூன்றே நொடியில் காலி.

மாமா, தோளில் குண்டு பட்டும் ஹீரோ துணி கட்டிக்கொண்டு சண்டை போடுகிறாரே? (மண்டபம்)

எனக்கு மிகவும் கோபம் வருவது இந்தக் காட்சியில்தான் மாப்பிள்ளை. தோளுக்கு அடியில் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புக் கட்டும் இருக்கின்றன. தொடையிலும் அப்படித்தான், அந்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். நம் கரைக்கு இது வெறும் கதை இல்லை. 2017-இல் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் நடுக்கடலில் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததை நாம் பார்த்தோம். "சின்னக் காயம்தான்" என்று சினிமா சொல்வதை நம்பாதீர்கள். காயத்தில் சுத்தமான துணியை வைத்து, முழு பலத்தோடு விடாமல் அழுத்த வேண்டும். கை, காலில் ரத்தம் நிற்கவே இல்லை என்றால், காயத்தின் மீது அல்ல, அதற்குச் சற்று மேலே உடம்பை ஒட்டிய பக்கமாக இறுக்கிக் கட்ட வேண்டும். கரையில் 108, கடலில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554.

படப்பிடிப்பில் வெற்றுத் தோட்டாதானே, ஆபத்து இல்லையே? (ராமேஸ்வரம்)

இருக்கிறது. ஈயக் குண்டு இல்லையென்றாலும் வாயு குழாய் முனையில் பாய்ந்து வரும். கிட்டத்தில் ஆளைக் கொல்லும். 1993-இல் நடிகர் பிராண்டன் லீ இறந்தது இன்னொரு விதம். முன்பு பயன்படுத்திய போலித் தோட்டாவின் (குண்டு இருக்கும், வெடிமருந்து இருக்காது) முனை குழாயிலேயே சிக்கியிருந்தது. பின்னால் வெற்றுத் தோட்டாவைச் சுட்டபோது அது பாய்ந்து அவர்மேல் பட்டது. தனுஷ்கோடியில் எடுக்கும் படங்களுக்குத் துணை நடிகர்களாகப் போகிறவர்கள், கையில் வாங்கும் முன் துப்பாக்கியைத் திறந்து, குழாய் உட்பட காலியாக இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.