பச்சிலையா, ஊசியா?

கேள்வி: பாம்பு பிடிக்கற பழங்குடியான இருளர்கள்கிட்ட பாம்புக்கடிக்குப் பச்சிலை இருக்காமே, அப்புறம் ஏன் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

பதில்: அட, அந்த ஆஸ்பத்திரி ஊசிக்கே விஷம் எடுத்துக் குடுக்கறது இருளர்கள்தாங்க! 1978ல ஆரம்பிச்ச அவங்க கூட்டுறவு சங்கம் மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலில இருக்கு, பாம்ப மண்பானைல போட்டு பானை வாய்ல துணி கட்டி வெச்சிருப்பாங்க, விஷம் எடுத்து முடிச்சதும் திரும்பக் காட்டுலயே விட்டுடுவாங்க. அந்த விஷத்த குதிரைக்குக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி அது ரத்தத்துல இருந்து எடுக்கறதுதான் மருந்து. பச்சிலைல பொழச்சதா சொல்றவங்கள்ல பல பேர கடிச்சது விஷமில்லாத பாம்பு, இல்லன்னா விஷமே ஏறாத கடி. கட்டுவிரியன் கடிச்சா பல சமயம் வலி கூட இருக்காது, தூக்கத்துலயே மூச்சு நின்னுடும். கீறாம, இறுக்கிக் கட்டாம 108க்கு போன் பண்ணுங்க. ரோடே இல்லாத மலைக்கிராமத்துல டோலி கட்டித்தான் தூக்கிட்டு வரணும், அங்க ஆஸ்பத்திரி போக லேட்டானா, அதுக்கு நாட்டு வைத்தியர திட்டி என்ன பண்றது?