சரக்கு போகும் வழி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி இந்தியப் பொருளாதாரப் புவியியல் பற்றித்தான். கனிமம், தொழிலகம், சாலை, துறைமுகம் என்று போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்று தெரிகிறது. அதனால் மற்ற பாடங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: சார், பி.காம். முடித்துவிட்டு குரூப் 2-க்கு இரண்டாவது முறையாகத் தயாராகிறேன். வரலாறும் அரசியலமைப்பும் பரவாயில்லை. கனிமங்கள், ஆலைகள் என்று வந்தால் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்கிறேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் ராணிகஞ்ச் நிலக்கரியா இரும்பா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. வேறு வழி இருக்கிறதா? (வாசகி, தர்மபுரி மாவட்டம்)

பதில்: இருக்கிறது மா. முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். பாடநூலில் வளங்கள் ஒரு பாடம், போக்குவரத்து இன்னொரு பாடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நாமும் தனித்தனியாகப் படிக்கிறோம், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. மலையில் வெட்டிய தாது அங்கேயே கிடப்பதில்லை, ரயிலேறி ஆலைக்கோ துறைமுகத்துக்கோ போகிறது. அந்தச் சரக்கின் பின்னாலேயே நீங்களும் போனால் கனிமம், ஆலை, ரயில் பாதை, துறைமுகம் நான்கும் ஒரே நூலில் கோத்த மாதிரி வந்துவிடும்.

நிலக்கரியிலிருந்து தொடங்குவோம். இந்தியாவின் நிலக்கரியில் மிகப் பெரும்பகுதி கோண்டுவானா காலத்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் உள்வாங்கிய நீண்ட பள்ளங்களில் சதுப்புக் காடுகள் வளர்ந்து, சாய்ந்து, மண் மூடிக் கரியானது. அந்தப் பள்ளங்களில்தான் இன்றும் ஆறுகள் ஓடுகின்றன. தாமோதர், சோன், மகாநதி, கோதாவரி, வார்தா ஆகிய ஐந்து ஆறுகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாமோதர் என்றால் ஜார்க்கண்டின் ஜாரியா, பொக்காரோ, அப்புறம் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச். மகாநதிப் பள்ளத்தாக்கு என்றால் ஒடிசாவின் தால்ச்சர், கோதாவரி என்றால் தெலங்கானாவின் சிங்கரேணி. மாநிலப் பெயர்கள் தானாக வந்துவிட்டன, பார்த்தீர்களா? நம் நெய்வேலி இந்தக் கணக்கில் சேராது, அது பழுப்பு நிலக்கரி, வயதில் மிகவும் இளையது.

இரும்பு இதற்கு நேர்மாறு. அது பழமையான தார்வார் பாறைகளில், பெரும்பாலும் மலை முகடுகளில் இருக்கிறது. சத்தீஸ்கரின் பைலாடிலா என்ற பெயருக்கே எருதின் திமில் என்றுதான் அர்த்தம், மலையின் வடிவம் அப்படி. கர்நாடகத்தின் குதிரேமுக்கும் மலைதான், பாபாபுதனும் மலைதான். நிலக்கரி ஆற்றுப் பள்ளத்தில், இரும்பு மலை மேட்டில். ராணிகஞ்சைப் பற்றி இனி உங்களுக்குச் சந்தேகம் வராது, தாமோதர் கரையில் இருக்கிற ஊர் எப்படி இரும்பு ஊராகும்?

இப்போது ஒரு வெள்ளைத் தாளில் இந்தியாவை வரைந்து கடக ரேகையைப் போடுங்கள். ராணிகஞ்ச், ஜாரியா, பொக்காரோ மூன்றும் ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே உட்காரும். அதற்குக் கொஞ்சம் தெற்கே, ஜார்க்கண்டும் ஒடிசாவும் தொடும் இடத்தில், இரும்புத் தாது. இரண்டுக்கும் நடுவில் சுவர்ணரேகாவும் கர்காயும் கூடும் இடத்தில் ஜாம்ஷெட்பூர். நோவாமுண்டியிலிருந்து தாது மேலே வருகிறது, ஜாரியாவிலிருந்து கரி கீழே வருகிறது. டாடா நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டபோது அந்த இடம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு இந்தப் படமே விடை. உருக்கும்போது தாதுவும் கரியும் எடை குறைந்துபோகும். குறைந்துபோகும் எடைக்கு யார் ரயில் கட்டணம் கட்டுவார்கள்? அதனால் ஆலை மூலப்பொருளைத் தேடிப் போகிறது. துர்காப்பூர் கரியை ஒட்டி நிற்கிறது, ரூர்கேலா தாதுவை ஒட்டி நிற்கிறது. பிலாய்க்கு தல்லி ராஜ்ஹரா தாது, கோர்பா கரி. விசாகப்பட்டினம் மட்டும் ஏன் கடற்கரையில் என்று கேட்டால், எஃகு உலைக்கு வேண்டிய கற்கரி என்ற தரமான நிலக்கரி நம்மிடம் போதவில்லை, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. கப்பல் வரும் இடத்திலேயே ஆலை.

பருத்தி அப்படியில்லை. பஞ்சு நூலாகும்போது எடை பெரிதாகக் குறைவதில்லை, அதனால் பஞ்சாலை எங்கே வேண்டுமானாலும் போகலாம். மின்சாரமும் ஆளும் சந்தையும் இருந்தால் போதும். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோயம்புத்தூரில் ஆலைகள் பெருகியதன் காரணம் இதுதான். கூற்று, காரணம் வகைக் கேள்விகள் இந்த மாதிரி இடங்களில்தான் கேட்கப்படுகின்றன, அவற்றைப் பட்டியலை வைத்து எழுத முடியாது.

ரயில்வே கேட்டில் நிற்கும்போதும் இந்தப் பாடம் கண்முன்னே ஓடும். மேல் திறந்த வேகனில் நிலக்கரி வந்தால் விளிம்பு வரை குவிந்திருக்கும். அதே மாதிரி வேகனில் இரும்புத் தாது போனால் பாதிக்கு மேல் காலியாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். தாது அவ்வளவு கனம், வேகன் நிறைவதற்கு முன்பே தாங்கும் எடை வந்துவிடும். பைலாடிலாவின் தாது கிரண்டுலில் ரயிலேறி, கிழக்குத் தொடர்ச்சி மலையை அரக்கு வழியாகக் கடந்து, கொத்தவலசாவுக்கு இறங்கி, விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு இப்படித்தான் வருகிறது. 1960-களில் அந்தப் பாதையைப் போட்டதே ஜப்பானுக்குத் தாது ஏற்றுமதி செய்யத்தான். சுரங்கம், மலை, ரயில், துறைமுகம், வெளிநாட்டு வணிகம் ஐந்தும் ஒரே கதையில்.

கேள்வி: ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் இவ்வளவு கனிமம் இருந்தும் தொழில் வளர்ச்சி ஏன் மற்ற மாநிலங்களுக்குப் போனது? முதன்மைத் தேர்வில் எழுத ஒரு காரணம் சொல்லுங்கள். (வாசகர், சேலம்)

பதில்: ஒரே காரணம் என்று எழுதாதீர்கள். ஆனால் பலர் எழுத மறக்கிற ஒன்றைச் சொல்கிறேன், சரக்குக் கட்டண சமநிலைக் கொள்கை. 1950-களில் மத்திய அரசு கொண்டுவந்தது. எஃகு போன்ற அடிப்படைப் பொருட்களை நாட்டில் எங்கே கொண்டுபோனாலும் ஏறக்குறைய ஒரே விலை, தூரத்துக்கான ரயில் செலவை ஈடுகட்டிவிடுவார்கள். நோக்கம் நாடு முழுக்கத் தொழில் பரவ வேண்டும் என்பது. ஆனால் ஜாம்ஷெட்பூர் பக்கத்தில் பட்டறை போட்டவருக்கும் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி மேற்குக் கரையில் போட்டவருக்கும் எஃகு ஒரே விலை என்றால், துறைமுகமும் சந்தையும் இருக்கிற இடத்தை விட்டு யார் சுரங்கப் பக்கம் போவார்கள்? கிழக்கு மாநிலங்களுக்கு இயற்கை கொடுத்த ஒரே சலுகை அப்படிப் போய்விட்டது. 1990-களின் தொடக்கத்தில்தான் இந்தக் கொள்கை கைவிடப்பட்டது. இதனால் பயன் அடைந்த மாநிலங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று என்பதை நேர்மையாக எழுதுங்கள், விடை இன்னும் வலுவாக இருக்கும்.

நீங்கள் சேலம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சமலையில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருக்கிறது, ஆனால் இரும்புச் செறிவு குறைவு, பக்கத்தில் கற்கரியும் இல்லை. உங்கள் ஊர் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாகத்தான் தொடங்கியது, உருக்கும் பிரிவு பின்னால் வந்தது. எஃகு உலகத்துக்குச் சேலம் கொடுக்கும் பெரிய பொருள் வேறு: ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று தெரிகிறதே மேக்னசைட், உலையின் உள்சுவருக்கான வெப்பம் தாங்கும் செங்கல் அதிலிருந்துதான்.

கேள்வி: தேசிய நெடுஞ்சாலை எண்கள் தலை சுற்றுகின்றன. ஒரு கையேட்டில் கன்னியாகுமரி சாலை 7, இன்னொன்றில் 44. எது சரி? (வாசகர், விருதுநகர்)

பதில்: 44 சரி. 7 என்பது பழைய எண், வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை போன சாலைக்கு. 2010-இல் எண்களை மொத்தமாக மாற்றினார்கள், உங்கள் கையேடு அதற்கு முந்தையது. இப்போது 7 என்று கேட்டால் பஞ்சாபிலிருந்து உத்தராகண்டின் மாணா வரை போகும் சாலை.

புதிய முறையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடமே வேண்டாம். வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காகப் போகும் சாலைக்கு ஒற்றைப்படை எண், வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். நம் மாநிலத்தை வைத்தே சரிபார்க்கலாம். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் சாலை 77. அதற்குத் தெற்கே சேலம், உளுந்தூர்பேட்டை 79. கோவை, திருச்சி, சிதம்பரம் 81. கோவை, பழனி, திண்டுக்கல், நாகப்பட்டினம் 83. கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டி 85. கடைசியில் தனுஷ்கோடிக்குப் போகும் 87. படி இறங்குவது போல இருக்கிறதல்லவா? அதே மாதிரி கிழக்குக் கடற்கரையோரம் 32, உள்ளே வந்தால் 36, 38, இன்னும் மேற்கே 44, மலையைத் தாண்டிக் கேரளக் கரையில் 66.

மூன்று இலக்க எண் என்றால் கிளைச் சாலை, கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலை. சேலத்தில் பிரிந்து கோவை வழியாகக் கொச்சி போவது 544, உங்கள் பக்கம் திருமங்கலத்தில் பிரிந்து கொல்லம் போவது 744. இரண்டும் 44-இன் பிள்ளைகள். 48 மட்டும் குழப்பும்: டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூரு வழியாகச் சென்னை வருகிறது, கடைசிப் பகுதி மட்டும் கிழக்கே திரும்புவதால் நம் ஊரில் பார்த்தால் கிழக்கு மேற்காகத் தெரியும்.

கேள்வி: பெருந்துறைமுகங்கள் 12 என்கிறார்கள், 13 என்கிறார்கள். குஜராத்தின் முந்த்ராதான் மிகப் பெரியது என்றால் அது ஏன் பட்டியலில் இல்லை? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: இயங்குபவை 12, மேற்கே ஆறு, கிழக்கே ஆறு. போர்ட் பிளேரைச் சேர்த்து எண்ணிய காலத்தின் மிச்சம் 13. மகாராஷ்டிரத்தின் வாத்வனுக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள், அது கட்டி முடிய வேண்டும். முந்த்ரா விஷயம் நல்ல கேள்வி. பெருந்துறைமுகம் என்பது அளவைச் சொல்லும் சொல் அல்ல, நிர்வாகத்தைச் சொல்லும் சொல். மத்திய அரசின் கீழ் வருவது பெருந்துறைமுகம், தனியார் நடத்தும் முந்த்ரா எவ்வளவு சரக்கைக் கையாண்டாலும் அந்தப் பட்டியலில் வராது.

தமிழ்நாட்டில் மட்டும் மூன்று இருக்கின்றன, வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. உங்கள் வ.உ.சி. துறைமுகம் 1974-இல் அந்தத் தகுதி பெற்றது. எண்ணூர் 2001-இல் வந்தது, அதைக் கட்டியதன் முதல் காரணமே அனல்மின் நிலையத்துக்குக் கரி இறக்குவது. ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய கரி ரயிலில் பாராதீப் போய், கப்பலேறி எண்ணூர் வந்து, அங்கிருந்து வடசென்னை மின்நிலையத்துக்குப் போகிறது. மேட்டூருக்கு மறுபடி ரயில். நேராக ரயிலிலேயே கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். பெரும் எடையை நீண்ட தூரம் கொண்டுபோகக் கடல்தான் மலிவு, தரைப் பாதையிலும் நெரிசல்.

கேள்வி: தேசிய நீர்வழிகள் 111-ஐயும் படிக்க வேண்டுமா? (வாசகர், அரியலூர்)

பதில்: வேண்டாம். 2016 சட்டத்தால் மொத்தம் 111 ஆனது என்ற ஒரு வரி போதும். முதல் மூன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: கங்கையில் பிரயாக்ராஜ் முதல் ஹால்டியா வரை 1,620 கி.மீ., பிரம்மபுத்திராவில் சதியா முதல் துப்ரி வரை 891 கி.மீ., கேரளத்தின் மேற்குக் கடற்கரைக் கால்வாய். நான்காவதில் நம் பக்கிங்காம் கால்வாய் வருகிறது, அதற்காக ஞாபகம் வைக்கலாம்.

கேள்வி: பழைய புத்தகங்களில் உள்ள தகவலை நம்பலாமா? எனக்கு அக்காவின் புத்தகங்கள்தான் இருக்கின்றன, புதிதாக வாங்க வசதி இல்லை. (வாசகி, கள்ளக்குறிச்சி)

பதில்: தாராளமாக அதையே படியுங்கள். பாறையும் ஆறும் மாறாது. மாறுவது உற்பத்தியில் யார் முதலிடம் என்பதும், எந்தச் சுரங்கம் ஓடுகிறது என்பதும்தான். உதாரணத்துக்கு, பழைய கையேடுகளில் தங்கம் என்றால் கோலார். அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது, இன்று அதே கர்நாடகத்தின் ஹட்டியைச் சொல்ல வேண்டும். குதிரேமுக்கில் இரும்பு வெட்டுவது உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 முடிவோடு நின்றது. இப்படி மாறியவற்றை மட்டும் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இப்போதைய பாடநூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, பத்தாம் வகுப்பு சமூக அறிவியலை மட்டும் இறக்கி ஒப்பிட்டால் போதும்.

தர்மபுரி வாசகிக்குச் சொன்ன படத்தை நீங்களும் வரையுங்கள், பார்க்காமல், தினம் ஒருமுறை. முதல் நாள் ஒடிசா எங்கேயோ போய் நிற்கும், பரவாயில்லை. பத்து நாள் கழித்து வரைந்ததைப் புகைப்படமெடுத்து அனுப்புங்கள், தாமோதர் சரியான இடத்தில் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.