இனத்துக்குக் கோழி பொறுக்குறது: கேளுங்க, சொல்றேன்

பள்ளத்தூர் பக்கம் 26 வருசமா சிறுவிடை, அதான் சின்ன உடம்பு நாட்டுக்கோழி, வளர்க்கிறேன். இப்பக் கையில 3 சேவல், 19 பெட்டை. வளர்ப்புக்குக் கோழி பொறுக்குறதைப் பத்திக் கேளுங்க. மிளகுக் கோழி வறுவலுக்கு எது ருசிங்கிற கேள்விக்கு வீட்டுக்காரம்மா பதில் சொல்லுவாங்க, நான் இல்லை.

கொத்தமங்கலத்துத் தம்பி: அண்ணே, 8 பெட்டை, 1 சேவலோட ஆரம்பிக்கப் போறேன். பெட்டையில எதைப் பார்த்து எடுக்கணும்?

உடனே கையில பிடிக்காதீங்க. தள்ளி நின்னு ஒரு கைப்பிடி நொய்யரிசியை வீசுங்க. எது முண்டிக்கிட்டு வருது, எது ஓரமா றெக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதுன்னு தெரிஞ்சிரும். ஓரமா நிக்கிறது அழகா இருந்தாலும் வேணாம்.

அப்புறம் பிடிங்க. நெஞ்செலும்பை விரலால தடவுனா நேரா ஓடணும். கோணல்னா கழிச்சிருங்க. கத்தி மாதிரி துருத்திக்கிட்டு இருந்தா சதையில்லை, பாதி நேரம் குடற்புழுதான். பின்பக்கம் திருப்புனா எச்சத் துவாரத்துக்கு ரெண்டு பக்கமும் எலும்பு முனை தட்டுப்படும். நடுவுல ரெண்டு விரல் தாராளமா நுழைஞ்சா முட்டை வைக்கிற கோழி. ஒரு விரலுக்கே இடமில்லைன்னா இன்னும் வைக்கலை, இல்லைன்னா நிறுத்திருச்சு. வைக்கிற கோழிக்குத் துவாரம் அகலமா ஈரமா இருக்கும். அங்கேயே இறகை விலக்கிப் பாருங்க, செல்லு, அதான் கோழிப்பேன், ஓடும். செல்லுக்காகக் கழிக்க வேணாம், உங்க கூண்டுக்குள்ள ஏத்துறதுக்கு முன்னாடி மருந்து போட்டுருங்க. கண்ணுல கருவிழி வட்டமா இருக்கணும். ஓரம் பிசிறடிச்சிருந்தா விட்டுட்டு வந்துருங்க.

கடைசியா, விக்கிறவங்ககிட்ட ஒரே கேள்வி: "போன ஈட்டுல எத்தனை பொரிச்சுச்சு, அதுல எத்தனை பிழைச்சுச்சு?" ஈடுன்னா ஒரு தடவை முட்டை வச்சு அடை உட்கார்றது. முழிச்சாங்கன்னா வாங்காதீங்க. எனக்கு நிறம் ரெண்டாம்பட்சம். குஞ்சைக் காப்பாத்துன தாயாங்கிறதுதான் முதல்.

வாங்குனதை மூணு வாரம் தனிக்கூண்டுல வைங்க.

தேவகோட்டை: சேவல் எவ்வளவு பெருசா இருக்கணும்?

பெட்டைக்குத் தோதா இருந்தாப் போதும். சிறுவிடைப் பெட்டை மேல பெரிய உடம்புப் பெருவிடைச் சேவலை விட்டா முதுகு கிழிஞ்சுரும். கால் நேரா இருக்கா, விரல் மடங்கலையா, உள்ளங்காலில் ஆணி இல்லையான்னு பாருங்க. இரை கண்டா தான் திங்காமக் கொக்கரிச்சுப் பெட்டையைக் கூப்பிடுற சேவல் நல்ல சேவல். பிள்ளைங்க மேல பாயுறது குழம்புக்கு.

இதுல நான் ஒரு தடவை ஏமாந்தேன். செவலைச் சேவலை வித்துட்டுக் கருங்கீரி நிறத்துச் சேவல் ஒண்ணு விட்டேன். நாலாம் நாளே முட்டை பொறுக்கி அடை வச்சேன். வளர வளரப் பாதிக்கு மேல செவலை! பழைய சேவலோட விந்து பெட்டை வயித்துல ரெண்டு மூணு வாரம் உசுரோட தங்கும்னு அப்பத் தெரியாது. சேவலை மாத்துனா மூணு வாரத்து முட்டையைச் சமையலுக்கு அனுப்பிட்டு அப்புறம் அடை வைங்க.

காரைக்குடி: கழுத்தறுத்தான் இனம் சுத்தமா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கழுத்தறுத்தான்னா கழுத்துல இறகில்லாத கோழி. கழுத்தோட முன்பக்கத்து அடியில பாருங்க. ஒரு கொத்து இறகு இருந்தா அந்தக் குணம் தாய், தகப்பன்ல ஒரு பக்கத்துல இருந்துதான் வந்திருக்கு. அப்படி ரெண்டைச் சேர்த்தா நாலுல ஒரு குஞ்சு இறகுக் கழுத்தோட பொரிக்கும். கழுத்து முழுக்க மொட்டைன்னா ரெண்டு பக்கமும் வந்திருக்கு, அதைத்தான் இனத்துக்கு நிறுத்தணும். உடம்புலயும் இறகு குறைச்சல், அதனால நம்ம ஊர்ச் சித்திரை வெயிலைத் தாங்கும்.

கோட்டையூர்: கடக்நாத் நல்லதா?

அது மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்துக் கோழி. நான் வளர்த்ததில்லை.

திருப்பத்தூர்: சந்தையில 10 வாங்கினேன் அண்ணே. மூணாம் நாள்ல இருந்து பழைய கோழியும் சேர்ந்து பச்சையாக் கழியுது.

சேர்த்து விட்டுட்டீங்க. கால்நடை மருந்தகத்துக்கு இன்னைக்கே போங்க, செத்ததை ஆழமாப் புதைங்க, கண்மாயில வீசாதீங்க. மூணு வாரம் தனிக்கூண்டுன்னு மேல எழுதுனது இதுக்குத்தான்.

புதுவயல்: அடை உட்கார்ற கோழியால எனக்கு நட்டம். தண்ணியில முக்கி அடையைக் கலைச்சிட்டு, முட்டையை இன்குபேட்டர்ல வைக்கிறேன். வருசத்துக்கு 110 முட்டை எடுக்கிறேன். அடை உட்காராத கோழியாப் பொறுக்குறதுதானே புத்திசாலித்தனம்?

முட்டைதான் குறின்னா ஐதராபாத்துல உருவாக்குன கிராமப்பிரியாங்கிற கோழி இனம் இருக்கு, அதை வாங்கிக்கங்க. பண்ணை வெள்ளை லெகார்ன் ஏன் அடை உட்காராது? தலைமுறை தலைமுறையா மனுசன் அந்தக் குணத்தைக் கழிச்சுக் கழிச்சு எடுத்துட்டான். அதையே நீங்க சிறுவிடைக்கும் செஞ்சா, பத்து வருசத்துல உங்ககிட்ட இருக்கிறதுக்குப் பேர் மட்டும்தான் நாட்டுக்கோழி.

புதுவயல் மறுபடியும்: 21 நாள் அடை, குஞ்சோட ரெண்டு மாசம். மூணு மாசத் தீனியை யார் தர்றது?

நம்ம செம்மண் காட்டுல அது தானாக் கிளறித் திங்கும், கரையானும் வெட்டுக்கிளியும் என்ன விலை? போன மாசி ஈட்டுல என்னோட சாம்பல் பெட்டை 12 முட்டையில 10 பொரிச்சு 8 வளர்த்துச்சு. பருந்து வட்டம் போட்டப்பப் பஞ்சாரக் கூடைக்குக் கூட ஓடலை, காட்டாமணக்குப் புதருக்குள்ள அத்தனையையும் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. உங்க இன்குபேட்டர் சொல்லிக் கொடுக்குமா இதை?

கானாடுகாத்தான் ஆச்சி: ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்காதீங்கப்பா. நல்ல தாயோட முட்டையை மிஷின்ல வச்சாக் குஞ்சுக்கு அந்தக் குணம் வராதா?

வரும் ஆச்சி, அதை நான் ஒத்துக்கிறேன். ஆனா எந்த முட்டை யாருதுன்னு தெரியணுமே. முட்டை மேல பென்சில்ல தாயோட அடையாளத்தை எழுதுங்க, மை வேணாம். பொரிச்ச வெடையில, அதான் இளம் பெட்டையில, இனத்துக்கு நிறுத்துறதை ஒரு ஈடாவது அடை உட்கார விட்டுப் பாருங்க. புதுவயலார் முக்குறதை நிறுத்தட்டும், மிஷினை நான் விட்டுக் கொடுக்கிறேன்.

குன்றக்குடி: வெளியில இருந்து சேவல் வாங்காம எத்தனை வருசம் ஓட்டலாம்?

ஒரே கூட்டம்னா ரெண்டு வருசத்துலயே அப்பன் மகளோட சேர ஆரம்பிச்சிரும். பொரிப்பு குறையும், அலகு கோணல் வரும். மூணு தடுப்பாப் பிரிங்க. பெட்டை அங்கங்கயே இருக்கட்டும், அதோட வெடையும் தாய் இருந்த தடுப்புலயே. வருசா வருசம் சேவல் மட்டும் அடுத்த தடுப்புக்கு. வெளிச்சேவல் அடிக்கடி தேவைப்படாது. வாங்குனா மூணு வாரம் தனியா.

சிங்கம்புணரி: கட்டுச்சேவலுக்குக் கால் பார்த்து எடுக்கிறது எப்படி?

பந்தயத்துக்கு எங்கிட்ட வராதீங்க அப்பு. 1960-ம் வருசத்துச் சட்டப்படி சண்டை விடுறது குத்தம்.

நாச்சியாபுரம்: சந்தையில வாங்குன கோழியை எத்தனை நாள்...

மேல படிங்க.

தேவகோட்டை: உங்ககிட்டக் குஞ்சு கிடைக்குமா?

சாம்பல் பெட்டை நேத்துத்தான் உட்கார்ந்திருக்கு, 11 முட்டை. அதுல மூணு ஏற்கனவே ஆச்சிக்குச் சொல்லியாச்சு.