எட்டு கோர் இருந்தும் மெயில் ஏன் தவம் கிடக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய கணினியில் ஒழுங்காக வேலை செய்த மின்னஞ்சல் கணக்கு, எட்டு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) உள்ள புதிய கணினிக்கு மாறியதிலிருந்து ‘சர்வரிடமிருந்து பதில் வரவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. ப்ராசஸர்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கணினி மாறும்போது ப்ராசஸர் மட்டும் மாறுவதில்லை. ஆன்டிவைரஸ், ஃபயர்வால், நெட்வொர்க் டிரைவர், கணக்கு அமைப்புகள் எல்லாமே புதிதாக வந்து உட்காருகின்றன. முதல் சந்தேகம் அவற்றின் மீதுதான் விழ வேண்டும்.

ஒரு கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ‘மெயில் பெறு’ பொத்தானை அழுத்தியதிலிருந்து பிழைச் செய்தி வரும்வரை எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். உடனே பிழை வந்தால் அது டைம்அவுட் (காத்திருந்து நேரம் முடிந்துபோவது) அல்ல. சர்வரோ வழியில் உள்ள ஏதோ ஒன்றோ இணைப்பை மறுத்திருக்கிறது, அல்லது சர்வர் பெயர் தவறு. விண்டோஸில் சுமார் 21 விநாடியில் வந்தால், இணைப்புக் கோரிக்கைக்கே பதில் இல்லை என்று பொருள்: ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது போர்ட் எண் (சர்வரில் எந்தச் சேவைக்கான வாசல் என்று காட்டும் எண்) தவறு. அவுட்லுக்கில் 60 விநாடியிலோ தண்டர்பேர்டில் 100 விநாடியிலோ வந்தால், இணைப்பு கிடைத்துவிட்டது, பேச்சுதான் பாதியில் நின்றது. அந்த இரண்டு எண்களும் அந்தந்த மென்பொருளின் இயல்பான காத்திருப்பு வரம்பு.

கடைசி வகைக்கு அடிக்கடி கண்ணில் படும் காரணம் ஒன்று உண்டு. போர்ட் 993 என்று கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு வகையில் ‘ஸ்டார்ட்-டிஎல்எஸ்’ (சாதாரணமாகப் பேசத் தொடங்கி, பிறகு மறையாக்கத்துக்கு மாறும் முறை) என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள். 993-இல் சர்வர், முதலில் கணினிதான் மறையாக்கத்தைத் தொடங்க வேண்டும் என்று காத்திருக்கும். ஸ்டார்ட்-டிஎல்எஸ் முறையிலோ, முதலில் சர்வர்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று கணினி காத்திருக்கும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நேரம் முடிந்துவிடும். 993, 995, 465 ஆகியவற்றுக்கு ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்’ (தொடக்கத்திலிருந்தே மறையாக்கம்). 143, 110, 587 ஆகியவற்றுக்கு ‘ஸ்டார்ட்-டிஎல்எஸ்’. இதைத் தலைகீழாக, 587-இல் ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்’ என்று வைத்தால் காத்திருப்பு இருக்காது. உடனடிப் பிழை வரும். தவறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இந்த வேறுபாடே போதும்.

கேள்வி: பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத பழைய மெயில் மென்பொருளைத்தான் இன்னும் பயன்படுத்துகிறேன். அதை ஒரே கோரில் ஓடவிட்டால் டைம்அவுட் மறைந்துவிடுகிறது. ஏன்? இதை நிரந்தரமாக்க முடியுமா?

பதில்: ப்ராசஸரைக் கைகாட்டுவது நியாயமாக இருக்கும் அரிதான இடம் இது. அப்படிப்பட்ட மென்பொருள்கள் ஒற்றைக் கோர் காலத்தில் எழுதி, ஒற்றைக் கோர் கணினியிலேயே சோதிக்கப்பட்டவை. உள்ளே ஒரு த்ரெட் (மென்பொருளுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர்) சர்வரிடமிருந்து தரவு வாங்கும். இன்னொன்று ‘தரவு வந்ததா?’ என்று காத்திருக்கும். ஒற்றைக் கோரில் இரண்டும் மாறி மாறித்தான் ஓடும் என்பதால், வரிசை பெரும்பாலும் பிசகாது. பல கோர்களில் இரண்டும் உண்மையிலேயே ஒரே கணத்தில் ஓடுகின்றன. ‘வந்துவிட்டது’ என்ற சமிக்ஞையை முதல் த்ரெட் கொடுக்கும் நொடியில் இரண்டாவது இன்னும் காத்திருக்கத் தொடங்கியே இருக்காது. சமிக்ஞை வீணாகிறது. தரவு கணினிக்குள் வந்து கிடக்கிறது. அதை எடுக்க வேண்டியவரோ வராத சமிக்ஞைக்காக உட்கார்ந்திருக்கிறார். வெளியே தெரிவது ‘சர்வர் பதில் தரவில்லை’ என்ற செய்தி. சர்வர் மீது தவறே இல்லை. பத்து முறைக்கு ஒருமுறை, காரணமே இல்லாமல் வருவதுதான் இந்தக் கோளாறின் அடையாளம்.

கடிகாரம் சார்ந்த இன்னொரு காரணமும் இருந்தது. 2005-இல் வந்த ஏஎம்டி ஆத்லான் 64 எக்ஸ்2 போன்ற ஆரம்பகால இரட்டைக் கோர்களில் ஒவ்வொரு கோரிலும் நேரத்தை அளக்கும் உள் எண்ணி தனித்தனியாக நகரும். ஒரு கோரில் நேரத்தைப் படித்து, மறு கோரில் மீண்டும் படித்தால் காலம் பின்னோக்கிப் போனதுபோல் தெரியும். அதைக் கழித்துப் பார்த்து டைம்அவுட் கணக்கிடும் மென்பொருள் தடுமாறும். ஏஎம்டி இதற்கென்றே ‘டூயல்-கோர் ஆப்டிமைசர்’ என்ற திருத்தத்தை வெளியிட்டது. இன்றைய ப்ராசஸர்களில் இந்தச் சிக்கல் இல்லை. அந்தக் காலக் கணினியை இன்னும் வைத்திருந்தால் மட்டும் கவனியுங்கள்.

நீங்கள் செய்வது ‘செட் அஃபினிட்டி’ (மென்பொருள் எந்தக் கோர்களில் ஓடலாம் என்று தேர்ந்தெடுப்பது) என்று நினைக்கிறேன்: டாஸ்க் மேனேஜரில் ‘டீடெய்ல்ஸ்’ தாவல், மென்பொருளின் மீது வலது க்ளிக், ‘செட் அஃபினிட்டி’, ‘சிபியு 0’ தவிர மற்றவற்றின் குறியை எடுத்தல். மென்பொருளை மூடியதும் இது மறந்துபோகும். நிலைக்க வேண்டுமானால், விண்டோஸின் ‘ஸ்டார்ட்’ கட்டளையோடு ‘அஃபினிட்டி’ என்ற விருப்பத்தையும் 1 என்ற எண்ணையும் சேர்த்து, அந்த மென்பொருளைத் திறக்கும் ஒரு பேட்ச் கோப்பை (கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) உருவாக்கி, அதன் வழியாகவே எப்போதும் திறங்கள். அந்த எண் கோரின் வரிசை எண் அல்ல, இரும எண்ணிலான தேர்வு: 1 என்றால் முதலாவது, 2 என்றால் இரண்டாவது, 3 என்றால் முதல் இரண்டும், 4 என்றால் மூன்றாவது. ‘மூன்றாவது கோர் வேண்டும்’ என்று 3 கொடுத்துவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள் உண்டு. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்-த்ரெடிங் வசதி உள்ள கணினியில் பொதுவாக ‘சிபியு 0’, ‘சிபியு 1’ இரண்டும் ஒரே கோரின் இரு பாதிகள். அவை இரண்டையும் விட்டுவைத்தால் அதே மோதல் தொடரும். ஒன்றே ஒன்றை மட்டும் விடுங்கள்.

பயாஸ், ‘எம்எஸ்கான்ஃபிக்’ போன்ற கணினி அமைப்புப் பகுதிகளுக்குப் போய்க் கோர்களையே அணைத்துவிடாதீர்கள். ஒரு மென்பொருளுக்காக முழுக் கணினியையும் தண்டிப்பது அது. மாற்றம் உண்மையில் பலன் தருகிறதா என்று அறிய, கட்டுப்படுத்தி 20 முறையும் கட்டுப்படுத்தாமல் 20 முறையும் மெயில் எடுத்துப் பிழைகளை எண்ணுங்கள். வேறுபாடு இல்லையென்றால் காரணம் வேறு. கூடவே, மறையாக்க நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டும் 2021-இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன. 1.2 தெரியாத பழைய மென்பொருளைப் பல சர்வர்கள் ஏற்பதில்லை. அதற்கு அஃபினிட்டி மருந்தாகாது.

கேள்வி: டைம்அவுட் வரும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியு 12 சதவீதம்தான் காட்டுகிறது. கணினி சும்மா இருக்கும்போது மெயில் மட்டும் ஏன் உறைந்துபோகிறது?

பதில்: அந்த 12-ஐத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எட்டு லாஜிக்கல் ப்ராசஸர்கள் (விண்டோஸ் எண்ணும் கோர்கள்) இருந்தால் ஒன்றின் முழுத் திறன் 100-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 12.5 சதவீதம். நான்கு என்றால் 25, பதினாறு என்றால் 6.25. உங்கள் மெயில் மென்பொருளின் ஒரு த்ரெட் ஒரு கோரை முழுதாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பதே இதன் பொருள். மற்ற ஏழும் உதவ வழியில்லை. அந்த த்ரெட் வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது சர்வர் அனுப்பியதைப் படிக்க ஆள் இல்லாமல் நேரம் கடக்கிறது. உறுதிசெய்ய, ‘பெர்ஃபார்மன்ஸ்’ தாவலின் சிபியு வரைபடத்தில் வலது க்ளிக் செய்து ‘லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்’ காட்சிக்கு மாற்றுங்கள். விண்டோஸ் ஒரே த்ரெடைக் கோருக்குக் கோர் மாற்றி ஓட்டக்கூடும் என்பதால் வரைபடம் தெளிவில்லாமல் இருந்தால், மொத்த சதவீதத்தையே நம்புங்கள்.

மூழ்கடிக்கும் வேலை எது? தண்டர்பேர்டில் பொதுவாக மூன்று: தேடலுக்கான அட்டவணை தயாரிப்பு, ஃபோல்டர் சுருக்கம் (அழித்த மடல்களின் இடத்தை மீட்பது), மடலின் உள்ளடக்கத்தைப் படிக்கும் வடிகட்டிகள். அமைப்புகளில் ‘குளோபல் சர்ச் அண்ட் இண்டெக்ஸர்’ குறியை எடுத்து, மூடித் திறந்து ஒருநாள் பாருங்கள். ஃபோல்டரின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘ரிப்பேர் ஃபோல்டர்’ கொடுத்தால் சிதைந்த அட்டவணை புதிதாக உருவாகும். பல ஆண்டு மடல்களை இன்பாக்ஸிலேயே குவித்து வைக்காமல் ஆண்டுவாரியாகப் பிரியுங்கள்.

கேள்வி: சிறிய மடல்கள் போகின்றன. 20 எம்பி இணைப்புக் கோப்போடு அனுப்பினால் மட்டும் டைம்அவுட். வேகமான ப்ராசஸர் இருந்து என்ன பயன்?

பதில்: இது அப்லோட் வேகத்தின் கணக்கு. இணைப்புக் கோப்புகள் பேஸ்64 என்ற எழுத்து வடிவில் போவதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகும்: 20 எம்பி சுமார் 27 எம்பி ஆகும். விநாடிக்கு 2 மெகாபிட் அப்லோட் இருந்தால் 108 விநாடிக்குக் குறையாது. நேரடியாக அனுப்பினால் மென்பொருள் அனுப்பிக்கொண்டே இருப்பதைத் தானே அறியும். ஆனால் இடையில் ஆன்டிவைரஸின் மெயில் சோதனை இருந்தால், அது முழு மடலையும் நொடியில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் சர்வருக்கு மெதுவாக அனுப்பக்கூடும். ‘எல்லாம் அனுப்பிவிட்டேன், பதில் எங்கே?’ என்று மென்பொருள் 60 விநாடியில் கைவிட்டுவிடும். வெளிச்செல்லும் மெயில் சோதனையை மட்டும் நிறுத்திப் பாருங்கள்; கோப்புகளுக்கான பாதுகாப்பு அப்படியே இருக்கட்டும். தீரவில்லையென்றால் அவுட்லுக் கணக்கின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் சர்வர் டைம்அவுட்டை 5 நிமிடமாக்குங்கள். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறையே மடலின் முடிவுக்குப் பிறகு குறைந்தது 10 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. எனவே 5 நிமிடம் அதிகம் அல்ல.

கேள்வி: 12 கோர் இருக்கிறதே என்று ஐமேப் (மடல்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) இணைப்புகளின் எண்ணிக்கையை 20 ஆக்கினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது.

பதில்: ஐமேப் இணைப்புக்கும் கோருக்கும் தொடர்பில்லை. வரம்பு சர்வர் பக்கம் இருக்கிறது. ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 இணைப்புகள்வரை அனுமதிக்கிறது. பல நிறுவனங்கள் பயன்படுத்தும் டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருளின் இயல்பு அமைப்பு, ஒரு பயனருக்கு ஒரு ஐபி முகவரியிலிருந்து 10. தண்டர்பேர்டின் இயல்பு 5. அதே கணக்கு மூன்று கணினிகளில் இருந்தாலே 15 ஆகிவிடும், கைபேசி தனி. ஒவ்வொன்றிலும் 2 ஆகக் குறையுங்கள். எல்லாக் கருவிகளிலும் மெயில் மென்பொருளை மூடி, சில நிமிடம் விட்டுத் திறந்தால் சர்வரில் தேங்கிய பழைய இணைப்புகள் பெரும்பாலும் கழிந்திருக்கும்.

கேள்வி: நெட்வொர்க் கார்டில் ‘ரிசீவ் சைடு ஸ்கேலிங்’ அணைத்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: அது பல இணைப்புகளைப் பல கோர்களுக்குப் பங்கிடும் வசதி. ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) வழக்கமாக ஒரே கோருக்குத்தான் போகும். ஆகவே மெயிலுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. டிரைவரில் கோளாறு இருந்தால் மட்டும் வேறுபாடு தெரியும். அப்படித் தெரிந்தால், கார்டு தயாரிப்பாளரின் புதிய டிரைவரை நிறுவிவிட்டு அந்த வசதியைத் திரும்ப இயக்கிவிடுங்கள்.