நல்ல படிப்பும் நல்ல சம்பளமும் வந்துவிட்டால் சமூக ஏற்றத்தாழ்வு நம்மைத் தொடாது என்பது உண்மையா?

சம்பளம் வந்தால் பசி தொடாது, வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கமாட்டார். அந்த அளவுக்கு உண்மை. அதற்கு மேல் என்றால், என் அனுபவத்தில் இல்லை.

கேள்வியோடு "எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். அப்பாவும் அம்மாவும் உடலுழைப்பில் இருக்கிறார்கள். தெருவில் யாருக்கு மனு எழுதணும் என்றாலும் உங்களைக் கூப்பிடுகிறார்கள். 'நீ தலையெடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்' என்று நாளைக்கு ஒருமுறையாவது யாராவது சொல்கிறார்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் வளர்ந்தேன், அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இந்த விஷயத்தில் வழக்கமாக இரண்டு கட்சி சண்டை போடும். ஒரு கட்சி, சாதியெல்லாம் பழைய கதை, இப்போது பணம்தான் என்னும். இன்னொரு கட்சி, பணம் வந்தாலும் சாதி விடாது என்னும். நான் இரண்டாவது கட்சி. ஆனால் இரண்டு பேருமே பேசாமல் விடுகிற ஒன்று உண்டு. 'தெரிந்த ஆள்'. யாருக்கு யாரைத் தெரியும் என்பதில்தான் இன்றைக்கு மனிதர்கள் பிரிந்து கிடக்கிறார்கள். யாருக்கு யாரைத் தெரியும் என்பதைப் பெரும்பாலும் சாதிதான் முடிவு செய்து வைத்திருக்கிறது.

நான் 2011-ல் பிளஸ் டூ முடித்தேன். ஊர் அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா களையெடுப்பு, அப்புறம் நூறு நாள் வேலை. அதற்கு முந்தைய வருடம்தான் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை வந்திருந்தது. வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, கவுன்சிலிங் வழியாகச் சேர வேண்டும், அவ்வளவுதான். சாதியும் பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. அப்போது தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் கல்விக் கட்டணத்தை அரசே கட்டியது. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் நானும் சென்ட்ரிங் பலகைதான் தூக்கிக்கொண்டிருப்பேன். அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்தச் சான்றிதழ் கைக்கு வரணுமே. வி.ஏ.ஓ., அப்புறம் ஆர்.ஐ., அப்புறம் தாலுகா ஆபீஸ். அது சட்டமன்றத் தேர்தல் வருடம் வேறு. யாரைக் கேட்டாலும் தேர்தல் வேலை என்றார்கள். அதையாவது அலைந்து திரிந்து வாங்கிவிடலாம். மாட்டிக்கொண்டது அட்டெஸ்டேஷனில். விண்ணப்பத்தோடு வைக்கிற செராக்ஸ் ஒவ்வொன்றிலும், இது ஒரிஜினலின் நகல்தான் என்று ஒரு கெஜட்டட் ஆபீசர், அதாவது உயர்நிலை அரசு அதிகாரி, கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பச்சை இங்க், கீழே சீல். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு இது புரியாமல் இருக்கலாம். 2014 வாக்கில் சுய சான்றொப்பமே போதும் என்று மத்திய அரசும் மாநில அரசும் சொன்ன பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. அதற்கு முன்னால் ஒரு குடும்பத்தின் உயரத்தை அளக்க அந்தப் பச்சை இங்க் ஒன்றே போதும்.

எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பொறுப்பில் இருந்த சாருக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் போனேன். "உன்னை எனக்குத் தெரியாதே தம்பி" என்றார். ஒரிஜினல் எல்லாம் கையில் இருக்கிறது சார் என்றேன். "அதெல்லாம் சரி, தெரியாதவங்களுக்கு நான் போடறதில்ல." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏதாவது ஒரு பையனுக்குப் போட்டுக் கொடுத்துச் சிக்கலில் மாட்டியிருப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் தெருவில் அவருக்குத் தெரிந்தவர் யார்? ஊசி போட வரிசையில் நின்றவர்களை அவருக்கு எப்படித் தெரியும்?

அப்பாவின் மேஸ்திரிதான் வழி சொன்னார். "மாட்டாஸ்பத்திரிக்குப் போ தம்பி. அந்த டாக்டரும் பச்சை இங்க்தான்." போனேன். முன்னால் ஒரு மாடு மடிநோயோடு, அதற்குப் பின்னால் இரண்டு ஆடு, அதற்கும் பின்னால் நான், கையில் ஃபைலோடு. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரிஜினலையும் நகலையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். கணக்கில் எவ்வளவு மார்க் என்று கேட்டார். மடமடவென்று கையெழுத்துப் போட்டு சீல் வைத்துக் கொடுத்தார். ஒரு ரூபாய் வாங்கவில்லை, எந்தத் தெரு என்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இந்தக் கதையில் நான் சொல்ல வந்த இடம் மாட்டாஸ்பத்திரி இல்லை, மேஸ்திரி. அவர் எனக்கு ஏன் சொன்னார்? 'நம்ம பையன்' என்பதால் சொன்னார். அந்த 'நம்ம'வுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த நண்பன் காலனிக்காரன், அதாவது தலித் குடியிருப்புப் பையன். என்னைவிட மார்க் அதிகம். அவனும் அதே டாக்டரிடம் 'தெரியாது' வாங்கிக்கொண்டு திரும்பியவன்தான். அவன் அப்பாவும் அதே மேஸ்திரியிடம் கூலிக்குப் போனவர்தான். அவரிடம் மேஸ்திரி இதைச் சொல்லவில்லை. மறைக்கணும் என்று மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் சொல்லித்தான் அவன் போனான், அவனுக்கும் டாக்டர் உடனே போட்டுக் கொடுத்தார். இதில் யாரும் யாரையும் திட்டவில்லை, தள்ளி நிற்கச் சொல்லவில்லை. 1989-ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க இதில் ஒன்றுமே கிடையாது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்காவிட்டால் அவன் விண்ணப்பம் என்ன ஆகியிருக்கும்?

'நீயே பி.சி., உனக்கு என்ன குறை' என்று கேட்க வருபவர்களுக்கு: குறை என்று நான் அழவில்லை. நடுப்படியில் நின்றவனுக்கு மேலேயும் தெரியும், கீழேயும் தெரியும். அதைத்தான் சொல்கிறேன். அடுத்து, இட ஒதுக்கீடு பற்றி ஆரம்பிப்பவர்களுக்கு: தமிழ்நாட்டின் 69 சதவீதம் 1994 முதல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில், அதாவது கோர்ட் வழக்கிலிருந்து காப்பதற்கென்று உள்ள பட்டியலில், இருக்கிறது, அந்தச் சண்டையை வேறு கேள்வியில் வைத்துக்கொள்ளலாம். ஒதுக்கீடு சீட் வாங்கிக் கொடுக்கும். தெரிந்த ஆளை வாங்கிக் கொடுக்காது.

நடுவில் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. நான் சேர்ந்த கல்லூரி முதல் நாளே எல்லா ஒரிஜினலையும் வாங்கிப் பூட்டிவைத்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வேண்டும் என்று கேட்டால், துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி வா, அப்பாவைக் கூட்டி வா. என்னவோ நான்தான் அவர்களிடம் கடன் வாங்கியவன் மாதிரி. இதில் விடுதியில் தங்கியிருப்பவனுக்கும் பஸ் கட்டணம் உண்டு! எதற்கு என்று கேட்டால், "எல்லாருக்கும் காமன்." 2018-ல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தெளிவாகச் சொல்லிவிட்டது, கல்லூரிகள் மாணவர்களின் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று. உங்கள் கல்லூரி வைத்திருந்தால் போய்க் கேட்டு வாங்குங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்தது, சென்னையில் வேலையும் கிடைத்தது. நடுவில் ஒரு அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோது நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். கெஜட்டட் ஆபீசர் கொடுக்க வேண்டும், அவர் நமக்கு உறவினராக இருக்கக் கூடாது, இத்தனை வருடமாக இவரை எனக்குத் தெரியும் என்று எழுதித் தரணும். எங்கள் தெருவில் பலரையும் நன்றாகத் தெரிந்த அரசு ஊழியர் என்றால் உள்ளூர் ஸ்டேஷன் ஏட்டுதான். அது நன்னடத்தைக்கு உதவாது. உறவினர் வேண்டாம் என்று போட்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உறவில் ஒருத்தர் அதிகாரியாக இருந்தால்தானே அந்தக் கவலை.

சரி, அரசுதான் பழைய காலம், தனியார் நிறுவனத்தில் திறமை மட்டும்தானே என்பீர்கள். நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். ரெஃபரல் என்று ஒன்று இருக்கிறது. காலியிடம் வெளியே வருவதற்கு முன்பே உள்ளே இருப்பவர்களுக்கு மெயில் வரும். தெரிந்தவரைச் சொன்னால், அவர் தேறினால், சொன்னவருக்கு போனஸ். அந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்: இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் டீமில் வந்தவர்களைப் பார்த்தால் ஒரே கல்லூரி, ஒரே அபார்ட்மென்ட், சித்தி பையன், ஒன்றாக வீணை கற்றுக்கொண்டவர். எல்லோரும் நன்றாக வேலை செய்கிறவர்கள்தான், அதை மறுக்கவில்லை. நேர்காணலில் யாருக்கும் சலுகையும் இல்லை. நேர்காணல் வாசல் வரை யார் வருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதை யாரும் சாதி என்று சொல்வதில்லை. நெட்வொர்க் என்கிறார்கள். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2011-12-ல் வீடு வீடாகக் கேட்டபோது, சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். கல்யாணம் அப்படியென்றால் சித்தி பையனும் மாமா பெண்ணும் வேறு எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள்?

இப்போது பட்டத்துக்கும் பெரிய மதிப்பில்லை. 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாடு முழுவதற்கும் 28.4. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பாதித் தெருவும் பட்டம் வைத்திருந்தால் அடுத்து எதை வைத்துச் சலித்தெடுப்பார்கள்? ஆங்கிலத்தை வைத்து, நிற்கிற நடக்கிற தோரணையை வைத்து, அப்புறம் யார் சொல்லி வந்தாய் என்பதை வைத்து.

அந்தக் காலனி நண்பன் சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து அவனும் சென்னைக்கு வந்தான். சம்பளம் என்னைவிடக் கொஞ்சம் அதிகம். மேடவாக்கம் பக்கம் இரண்டு பேரும் சேர்ந்து வீடு பார்த்தோம். ஒரு வீட்டுக்காரர் காபியெல்லாம் கொடுத்து, ஊர் எது என்றார், சொன்னோம். ஊரில் எந்தப் பக்கம் என்றார். நான் என் தெருவைச் சொன்னேன். அவன், "காலனி சார்" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான், மறைக்கமாட்டான். போன் பண்ணுகிறேன் என்ற வீட்டுக்காரர் பண்ணவே இல்லை. புரோக்கர் மட்டும் எனக்குத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க மட்டும்னா ஓனருக்கு ஓகே சார்" என்றார். இரண்டு பேருடைய சம்பளச் சீட்டும் அந்த மேசை மேல்தான் இருந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் வேண்டுமென்றால் இந்தப் பத்தி மட்டும் போதும்.

பணக்காரர்களை ஏன் விட்டுவிட்டாய் என்று ஒருவர் கேட்பார். விடவில்லை. நாட்டின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் மேலே இருக்கிற 1 சதவீதத்தினரிடம் இருக்கிறது என்று 2022-23-க்கான ஒரு கணக்கை உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் வெளியிட்டது. அவர்களை நான் பார்த்ததே இல்லை, நீங்களும் பார்க்கப் போவதில்லை. நம்மை வாசலில் நிறுத்துகிறவர்கள் நம்மைவிட ஒரு படி மேலே நிற்பவர்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு கோடு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டதாரி சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். நான் வாங்கிவிட்டதால் என் தங்கைக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கும் பொறியியலுக்கான மார்க் இருந்தது. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்த்தோம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் உயர்கல்விக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தபோது அவள் படிப்பை முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாதான் எப்போதாவது சொல்வார்.

ஆகவே, சம்பளம் வாங்குங்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. கூடவே சீனியர்களின் நம்பரை வாங்கி வையுங்கள். உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லாமல் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கும் உங்கள் நம்பரைக் கொடுங்கள். எங்கள் கம்பெனியில் இப்போது டெஸ்டிங்கில் ஆள் எடுக்கிறார்கள். ஜாவா கொஞ்சம் தெரிந்தால் போதும், ரெஸ்யூமை எனக்கு அனுப்புங்கள். ஊர், தெரு எதுவும் எழுதத் தேவையில்லை. நீங்கள் தேறினால் எனக்கு போனஸ் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்துத் திட்ட வேண்டாம்.