ஹோமில் சேர்க்கும் முன்பும் பின்பும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்கள் தங்கும் ஹோம்களைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஊர், பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருடையதையும் எடுத்துவிட்டேன்.

மகனுக்கு 24 வயது. ஆட்டிசம், பேச்சு கிடையாது. எனக்கு முதுகு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவனைக் குளிப்பாட்டக்கூட முடியவில்லை. மூன்று ஹோம் பார்த்தோம், மூன்றுமே பளிச்சென்று இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

டைல்ஸ் போட நன்கொடை கிடைத்துவிடும், ராத்திரி கண்விழித்திருக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். நீங்கள் போனது அநேகமாகப் பகல் பதினோரு மணிக்கு இருக்கும். அப்போது சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட், நிர்வாகி என்று எல்லோரும் இருப்பார்கள். அதே இடத்துக்குச் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, சொல்லாமல் போங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள், அவர்கள் முழித்திருப்பார்களா, வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி என்று கேளுங்கள். பதில் யோசிக்காமல் வர வேண்டும்.

அப்புறம் பாத்ரூமுக்குப் போய்ப் பல் தேய்க்கும் பிரஷ்களைப் பாருங்கள். ஆளுக்கொரு பிரஷ், பெயர் எழுதி, கொஞ்சம் தேய்ந்து, ஈரமாக இருந்தால் சந்தோஷம். எல்லாம் புத்தம் புதிதாக வரிசையில் நின்றால் அது வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்தது. துணியும் அப்படித்தான். துவைத்ததை ஒரே குவியலாகப் போட்டு, கைக்கு வந்ததை மாட்டிவிடும் ஹோம்கள் உண்டு. உங்கள் மகனுக்குச் சட்டைக் காலர் லேபிள் உறுத்தும் என்றால், அந்தக் குவியலில் அவன் தினமும் அவஸ்தைப்படுவான். கடைசியில் "முரட்டுத்தனம்" என்று பதிவேட்டில் எழுதுவார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இருந்து பாருங்கள். ஊட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுக்கிறாரா, நின்றுகொண்டே திணிக்கிறாரா? விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவசரமாக ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். இவர்களில் பலர் சாவது அதனால்தான்.

அங்கிருக்கும் ஒரு பையனைக் காட்டி, "இவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று ஆயாவிடம் கேளுங்கள். "ரசத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டாத்தான் சாப்பிடுவான், பஸ் சத்தம் கேட்டா கேட்டுக்கு ஓடுவான்" என்று சொன்னால் அந்த ஹோமுக்கு என்னிடம் நிறைய மார்க் உண்டு. "நல்ல பையன், தொந்தரவு இல்லை" என்பதோடு நின்றால் யோசியுங்கள்.

காகிதங்களில் ஒன்று முக்கியம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இப்படி ஒரு நிறுவனம் நடத்த முடியாது. பலர் டிரஸ்ட் பத்திரத்தைக் காட்டுவார்கள். அது வேறு, இது வேறு.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுகிறார்கள். அதுவும் முன் ஹாலில். அடிக்கடி வந்தால் பெண் ஏங்கிப் போய்விடுவாள் என்கிறார்கள். சரிதானா?

சரியில்லை. சேர்த்த புதிதில் ஏக்கம் இருக்கும்தான். அதற்கு வழி, தெரிந்த முகம் அடிக்கடி வந்து போவது. பேச்சில்லாத பெண்ணுக்கு "அம்மா அடுத்த மாதம் வருவாள்" என்பது எப்படிப் புரியும்?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை இருந்தது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கானது. 2011-ல் பிபிசி ரகசியக் கேமராவோடு உள்ளே போனபோது, ஊழியர்கள் நோயாளிகளை அடிப்பதும் இழுத்துத் தள்ளுவதும் பதிவானது. மறு ஆண்டு 11 ஊழியர்களுக்குத் தண்டனை கிடைத்தது. அங்கே வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் முன்பே புகார் கொடுத்திருந்தார், ஆனால் அதன் மேல் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. அரசின் தர ஆய்வு அமைப்பு உள்ள நாடு அது. பிறகு நடந்த விசாரணையில் எனக்கு மறக்காத விஷயம் ஒன்றுதான்: குடும்பத்தினரைப் படுக்கையறைப் பக்கம் விடாமல் தனி அறையில் வைத்தே பார்க்க வைத்திருக்கிறார்கள்.

மற்றவர்களின் அந்தரங்கத்துக்காகக் குளிக்கும் நேரத்தில் வர வேண்டாம் என்றால் அது நியாயம். உங்கள் பெண்ணின் கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை வரை போக விட வேண்டும். எழுதிக் கேளுங்கள். விடாவிட்டால் வேறு இடம் தேட ஆரம்பியுங்கள்.

சேர்த்து ஆறு மாதத்தில் பையன் 11 கிலோ கூடிவிட்டான். எப்போது போனாலும் அரைத் தூக்கம். கேட்டால், "இப்ப ரொம்ப அமைதியா இருக்கான் சார்" என்கிறார்கள்.

அந்த அமைதியைத்தான் விசாரிக்க வேண்டும். மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்ற மாத்திரைகளில் எடை கூடும், தூக்கம் தள்ளும். ரிஸ்பெரிடோனுக்கு ஆட்டிசத்தில் இடம் உண்டு. தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் அளவு எரிச்சல் இருந்தால் டாக்டர்கள் தருவார்கள். ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு மருந்தாக அது மாறிவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. இங்கிலாந்தில் எந்த ஒரு நாளிலும் 30,000 முதல் 35,000 அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் தக்க காரணமின்றி இப்படிப்பட்ட மாத்திரைகளையோ மனச்சோர்வு மாத்திரைகளையோ சாப்பிடுகிறார்கள் என்று 2015-ல் அரசு அமைப்பே கணக்குச் சொன்னது.

மாத்திரை அட்டைகளையும் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். எது எதற்காக, யார் எழுதியது, கடைசியாக எப்போது டாக்டர் நேரில் பார்த்தார், எடையும் சர்க்கரையும் எடுத்தார்களா என்று கேளுங்கள். பழைய சீட்டைக் காட்டியே மாதாமாதம் வாங்குவது ரொம்ப சகஜம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு நம்பிக்கையான மனநல மருத்துவரிடம் அவனைக் கூட்டிப்போய்ப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த சமயத்தில் அவன் ஏன் கத்தினான் என்று யாராவது பார்த்தார்களா? பல் வலி, காதில் சீழ், மலச்சிக்கல் என எதுவும் காரணமாக இருக்கலாம். சொல்லத் தெரியாதவன் தலையைச் சுவரில் மோதித்தான் சொல்வான். மலச்சிக்கலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், இவர்களில் அதனால் இறந்தவர்கள் உண்டு. பிறந்தநாள், நினைவுநாள் என்று நாள் தவறாமல் பிரியாணியும் கேக்கும் கொண்டுவரும் புண்ணியவான்கள் ஒரு கூடை கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தால் தேவலை.

சிசிடிவி இருக்கிறது என்கிறார்கள். நம்பலாமா?

பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பாத்ரூமில் கேமரா இருந்தால் உடனே ஆட்சேபியுங்கள்.

தம்பி ஓடிவிடுகிறான் என்று காலில் துணியால் கட்டிலோடு கட்டிவைக்கிறார்கள். சங்கிலி இல்லையே, துணிதானே என்கிறார் வார்டன்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிச் செத்தார்கள். தீப்பிடித்தால் உங்கள் தம்பியின் கட்டை யார் அவிழ்ப்பார் என்று அந்த வார்டனிடமே கேளுங்கள்.

மாற்றுத்திறனாளியை இம்மாதிரி நடத்துவது பற்றி 2016 சட்டத்தின் 7-ம் பிரிவின்படி நிர்வாக நடுவரிடம் புகார் கொடுக்கலாம். நம்மூரில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் தருபவர் இல்லை) கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அடித்தால், இழிவுபடுத்தினால், வேண்டுமென்றே சாப்பாடு, தண்ணீர் மறுத்தால் 92-ம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. புகாருக்கு முன்னால் தேதியோடு போட்டோ எடுத்துவைத்து, தம்பியை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

பெண்ணுக்கு 17 வயது. மாதவிலக்கு சுத்தம் பார்க்க முடியாது, கர்ப்பப்பையை எடுத்துவிட்டுச் சேர்த்தால் வசதி என்று ஒரு ஹோமில் சொன்னார்கள்.

அந்த ஹோம் வேண்டாம். 1994-ல் புனே சாசூன் மருத்துவமனையில் அரசு இல்லத்துப் பெண்களுக்கு இதே காரணத்தைச் சொல்லி அறுவை செய்தார்கள், நாடே கொந்தளித்தது. இப்போது, சுதந்திரமான சம்மதம் இல்லாமல் மலடாக்கும் சிகிச்சை எதுவும் கூடாது என்று 2016 சட்டத்தின் 10-ம் பிரிவு சொல்கிறது. ஒரு விஷயத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம்தான் தடுக்கப்படும், பலாத்காரம் தடுக்கப்படாது. நடந்தால் வெளியே தெரியவும் தெரியாது. பேட் மாற்றுவதைப் படம் போட்டுப் பழக்கினால் பல பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ளாதவர்களுக்கு மாற்றிவிட ஆயா இருக்கிறார். அதற்குத்தானே பணம் கட்டுகிறோம்?

எங்களுக்கு 70 வயது ஆகிறது. பல லட்சம் டெபாசிட் கட்டினால் மகனை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.

மொத்தமாகக் கொடுக்காதீர்கள். திரும்பக் கேட்க முடியாத பணம் கைக்குப் போனபின் உங்கள் பேச்சுக்கு மதிப்பு குறையும். மாதாமாதம் கட்டும் ஏற்பாடு செய்யுங்கள். டெபாசிட் தவிர்க்கவே முடியாது என்றால், எந்தச் சூழ்நிலையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அதைவிட அவசரம், கார்டியன் சான்றிதழ். 18 வயது தாண்டினால் பெற்றவர்களே சட்டப்படி கார்டியன் இல்லை. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் உள்ளூர் நிலைக் குழு மூலம் வாங்கலாம், கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். ஹோமையே கார்டியனாகப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. பணம் வாங்குபவரே கணக்கும் பார்ப்பார், பிறகு குறை சொல்ல யார் மிச்சம்? தங்கை மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று வெளியே ஒருவர் இருக்கட்டும். கார்டியன் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் தர வேண்டும், ஆண்டுதோறும் கணக்குத் தர வேண்டும். மோசம் செய்தால் மாற்றவும் சட்டத்தில் வழி உண்டு.

அண்ணன் ஹோமில் இருக்கிறார், நான் சிங்கப்பூரில். அப்பா அம்மா இல்லை. வீடியோ காலில் என்ன கவனிப்பது?

அவர்கள் நேரம் சொல்லிக் கூப்பிட்டால் அண்ணன் தலை சீவி, பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பார். நீங்களே வெவ்வேறு நேரத்தில் கூப்பிடுங்கள். போனைக் கட்டில் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். நகம், உதடு, கால் பாதம், போட்டிருப்பது அவர் சட்டையா என்று பாருங்கள். பேசுகிற ஆயாவை அவர் திரும்பிப் பார்க்கிறாரா, உடம்பைச் சுருக்கிக்கொள்கிறாரா என்பதையும் கவனியுங்கள். மாத எடை, மாத்திரைப் பட்டியல் இரண்டையும் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு, பழைய டியூஷன் வாத்தியாராக இருந்தாலும் சரி, போக்குவரத்துச் செலவு கொடுத்து மாதம் இரண்டு தடவை போய்வரச் சொல்லுங்கள். எந்த நாள் என்று ஹோமுக்குச் சொல்ல வேண்டாம்.